எங்கள் மகள் அமலியின் ஞானஸ்நானம்

மதலேன்,

நீ பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது நான் அச்சகத்தில் இருப்பேன். சோறு வடித்துவிட்டேன். வெஞ்சனம் மட்டும் வைத்துக்கொள்.

தத்தெடுத்த பிள்ளைக்கு அழைப்பிதழ் எதற்கு, வீட்டோடு வைத்த பெயரே போதும் என்று நேற்று சொல்லிவிட்டேன். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். காலையில் பங்குச்சாமியாரைப் பார்த்தேன். "அமலின்னு ஏற்கனவே பேரு இருக்கே சாமி, ஞானஸ்நானம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"பேரு வைக்க மட்டும்னு யாருப்பா சொன்னது? அது பிறப்பு. அன்னைக்கு உம்பிள்ள தண்ணியில மறுபடி பொறக்குறா. அப்ப கையில ஏந்தி நிக்கப்போறது உம் பொண்டாட்டிதான்" என்றார்.

பாப்பா முதலில் பிறந்தபோது நாம் பக்கத்தில் இல்லை. இந்தப் பிறப்புக்கு இருக்கப்போகிறோம், மதலேன்.

'எங்கள் மகள் அமலியின் ஞானஸ்நானம்' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லப்போகிறேன். "ஊரான் பிள்ளை" என்று பேசிய செம்பட்டி அண்ணனுக்கு, நானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் முதல் பத்திரிகையைக் கொடுப்பேன்.

சவரிமுத்து

இன்னொன்று: பெற்றோர் என்று போடும் இடத்தில் உன் பெயர்தான் முதலில் வரும். அச்சகத்துக்காரர் வழக்கமில்லை என்று சொன்னாலும் விடமாட்டேன்.