அம்மாவுக்கு ஒரு தனி வாசல்

என் லாரிக்கார அப்பாவுக்கு,

தர்மபுரியைத் தாண்டி இண்டூர் பக்கம் ஒரு வீடு வாங்கிவிட்டோம். அதன் பின்னால் அம்மாவுக்கென்று இன்னொரு சின்ன வீடும் கட்டி முடித்தாயிற்று. இதை உங்களிடம் பீற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் பீற்றிக்கொள்வது? கொஞ்சம் தலைக்கனமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அப்படியே நினைவிருக்கிறது. "செல்வி, உங்கம்மாவ யார் வூட்லயும் ஒண்டிக்க வுட்டுறாத. அவ தாங்க மாட்டா." சரிப்பா என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் ஒரே பெண். அம்மாவோ மருமகன் வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாதவள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வாசலோடு நின்று, கொண்டுவந்த பையைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

நீங்கள் போன பிறகும் கூப்பிட்டுப் பார்த்தேன். "பொண்ணு குடுத்த வூட்ல போய் உக்காந்துக்கிட்டு, மாப்பள எதிர்ல தட்ட நீட்டச் சொல்றியா? நான் இப்படியே இருந்துக்கறேன்" என்றாள். போன மழைக்காலத்தில், அவள் தனியாக இருந்த அந்த வாடகை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கும்வரை எழ முடியாமல் கிடந்தாள். அதற்குப் பிறகும் அதே பதில்தான். எனக்குத்தான் தூக்கம் போனது.

வழி சொன்னது உங்கள் மாப்பிள்ளை. "அவங்க நம்ம வூட்டுக்கு வரமாட்டாங்க. நம்ம எடத்துலயே அவங்களுக்கு ஒரு வூடு கட்டிருவோம். அடுப்பு தனி, வாசல் தனி. அப்புறம் என்ன சொல்லுவாங்க?" என்றார். நீங்கள் பார்த்து வைத்த மனுஷன் சோடை போகவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் அழுததை இப்போது யாரும் கிளற வேண்டாம்.

முதலில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். தர்மபுரி டவுனில் ஒரு வீடு. முன்னால் பளபளவென்று டைல்ஸ், பின்னால் தாராளமான காலி இடம். மயங்கிப்போய்ப் பேசி முடிக்கிற நிலைக்கே வந்துவிட்டேன். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு, "பின்னால போவ வழி எங்க?" என்று கேட்டாள். ஹாலைக் காட்டினேன். வேறு வழி கிடையாது, இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள்.

"மாப்பள சோறு தின்னும்போது நான் குறுக்கால தாண்டிப் போவணும். அதுக்குப் பேரு தனி வூடா?" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்குக் கோபமான கோபம். பஸ்ஸில் அவளை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? இறங்குவதற்குள் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாண வீடோ, சாவு வீடோ, போன இடத்தில் நீங்கள் முதலில் கேட்பது, "வண்டி திரும்புமா?" அம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அதையேதான் கேட்டீர்களாமே?

அதன் பிறகு நானும் போன இடமெல்லாம் அதையே கேட்டேன். பின்பக்கம்வரை வண்டி போனால் செங்கல் போகும், மணல் போகும். அப்புறம் அம்மாவும் யார் ஹாலையும் மிதிக்காமல் போவாள். அப்படிப் பார்த்ததில் பல வீடுகள் கழிந்தன. ஒன்றில் கட்ட வேண்டிய இடத்திலேயே செப்டிக் டேங்க். இன்னொன்றில் தலைக்கு மேலே கரண்ட் கம்பி. புரோக்கர் என் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்.

கடைசியில் கிடைத்த வீடு பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. கண்ணைக் குத்துகிற பச்சைப் பெயிண்ட், தீப்பெட்டி போல சமையலறை. ஆனால் மூலை மனை. முன்வாசல் ஒரு ரோட்டில், பக்கவாட்டில் இன்னொரு ரோடு பின்பக்கம்வரை போகிறது. பத்திரம், பட்டா எல்லாம் பார்த்தேன். பின்னால் இன்னொரு வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. உங்கள் கூட்டாளி மாதப்பன் மாமாவை லாரியோடு வரச் சொன்னேன்.

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, வூடு வாங்க வந்தீங்களா, லாரி ஷெட்டுக்கு எடம் பாக்கறீங்களா?"

மாமா வேலிப் படலைத் திறந்து, லாரியை உள்ளே விட்டுத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். இறங்கி, "திரும்புது கண்ணு. உங்கப்பன் இருந்தா இன்னும் சுளுவா திருப்பியிருப்பான்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார். உங்கள் மகள் என்பதில் எனக்கு அன்று வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் அம்மா வந்தாள். பக்கத்து ரோடு வழியாகவே பின்னால் நடந்து போனாள். காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். "வாசல் இங்க வெய்யி. கெழக்கு பாத்து" என்றாள்.

அங்கேதான் வைத்திருக்கிறோம். ஒரு ரூம், சமையல்கட்டு, வழுக்காத தரை போட்ட குளியலறை. கரண்ட் மீட்டர்கூட அவள் பேரில் தனி.

பால் காய்ச்சிய மறுநாள் காலையில் அம்மா ரோட்டைச் சுற்றி எங்கள் முன்வாசலில் வந்து நின்றாள். "மத்தியானம் மாப்பளய எங்கூட்டுக்கு சாப்புட வரச் சொல்லு. களியும் கோழிக் கொழம்பும் செய்யறேன்."

எங்கள் பின்கதவைத் திறந்தால் நாலு எட்டில் போய்விடலாம். உங்கள் மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, ரோட்டைச் சுற்றிப் போனார். வாசலில் நின்று, "வரலாங்களா அத்தை?" என்று கேட்டார். "வாங்க மாப்பள" என்று அம்மா நிமிர்ந்து நின்று கூப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அப்பா. பார்த்தீர்களா?

தன் வீட்டின் இன்னொரு சாவியை அவளாகவே என்னிடம் கொடுத்திருக்கிறாள். "கூப்ட்டு நான் பதில் சொல்லலன்னா மட்டும் தொற." அது எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. எவ்வளவு அவசரமானாலும், வெளியே நின்று "அம்மா" என்று கூப்பிடாமல் அவள் கதவில் கை வைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி,
உங்கள் ஒத்தப் பொண்ணு,
செல்வி