தவளக்குப்பத்து இரும்புத் தொப்பி

ரேன்ஸ், பிரான்ஸ்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள கொளஞ்சிக்கு,

மகள் மெரின் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. உடம்புக்குக் குறையில்லை. காது மட்டும் அடியோடு கைவிட்டுவிட்டது. போனில் நீ பேசினால் இரைச்சல்தான் விழுகிறது. அதனால் படத்தைப் போனில் அனுப்பு, பேச்சைத் தாளில் எழுது.

இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதல் உலகப்போர்ச் சாமான்களைக் கத்தரிக்காய் மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஷெல் கூடு, துப்பாக்கி முனைக் கத்தி, துளை விழுந்த தண்ணீர்க் குடுவை. நாம் இருபத்திரண்டு வருஷம் உன் வண்டியில் அரியாங்குப்பம் ஆற்றங்கரை, வீடு கட்டத் தோண்டின பள்ளம் என்று சுற்றி என்ன கண்டோம்? ஐந்து சிப்பாய்ச் சட்டைப் பட்டன், மூன்று ஈயக் குண்டு. போன வாரம் மெரின் ஒரு பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனாள். சுவரில் பீரங்கி போட்ட பள்ளத்துக்குள் ஒரு ஆளே உட்காரலாம். நீ பார்க்க வேண்டும், கொளஞ்சி.

ஒரே ஒரு குறை. என் தாத்தாவின் அண்ணன் சவேரிநாதனைத் தேடித்தான் பாதி இங்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். 1916இல் புதுச்சேரியில் கப்பலேறியவர். ஒரு துண்டுச் சீட்டுகூட வீடு திரும்பவில்லை. ஆவணக் காப்பகத்து அம்மா, "பெயரைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள், படை எண் இருந்தால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். எண்ணுக்கு எங்கே போவேன்?

வீட்டில் மேனகாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
அருள்

*

மேட்டுப்பாளையம், புதுச்சேரி
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அருள்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேனகா பார்த்துவிட்டு, "இன்னா, அவரு நல்லாத்தான இருக்காரு? உன் மூஞ்சி ஏன் இப்பிடி போவுது?" என்றாள். மறைப்பானேன், வயிறு எரிந்தது. கோட்டை பார்க்கிறவன் நீ, லேத்து மெஷினில் போல்ட் கடைகிறவன் நான்.

இப்போது என் சேதி. தவளக்குப்பத்தில் சின்னக்கண்ணு பழைய இரும்புக் கடை இருக்கிறதே, அங்கே போன வியாழக்கிழமை ஒரு இரும்புத் தொப்பி கிடைத்தது. டவுனில் இடித்த ஏதோ பழைய வீட்டுச் சாமான்களோடு வந்ததாம். ஜன்னல் கம்பிக்கு அடியில் கிடந்தது. உச்சியில் முகடு, நெற்றியில் நங்கூரச் சின்னம். பிரெஞ்சுக்காரர்களின் காலனிப் படை போட்டது என்று நீதானே புத்தகத்தில் காட்டினாய்.

இடது காதுக்கு மேலே கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஆணி அடித்தாலோ டிரில் போட்டாலோ வட்டமாக வரும். இது கிழிந்திருக்கிறது, விளிம்பு முழுக்க உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. துப்பாக்கிக் குண்டு இல்லை, ஷெல் சிதறல். மில்லில் ஃபிட்டராகவும் லேத்திலும் முப்பது வருஷம் இரும்போடு பிழைத்தவன் சொல்கிறேன்.

வெளிப்பக்கம் நான்கு படம் போனில் அனுப்பியிருக்கிறேன். இது நான் கண்டுபிடித்தது, அருள். நான் மட்டும்.

கொளஞ்சி

*

ரேன்ஸ்
15 அக்டோபர் 2023

அன்புள்ள கொளஞ்சி,

படங்களைப் பார்த்தேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதே. சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். சினிமாக் கம்பெனிக்குச் செய்த சாமானாம், ஓட்டைகூட அவர்களே போட்டதாம். நீ இரும்பை அறிந்தவன்தான், போர்ச் சாமானை அறிவது வேறு. ஐந்து மாதமாக அசலைக் கையில் தூக்கிப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

உள்ளே தோல் பட்டை இருக்கிறதா? அதில் சிப்பாய்கள் பெயரும் எண்ணும் மையால் எழுதி வைப்பார்கள். அப்படி ஏதாவது இருந்தால் சொல், நம்புகிறேன்.

அருள்

*

மேட்டுப்பாளையம்
2 நவம்பர் 2023

அருள்,

தோல் இருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை.

உன் சேகரிப்பாளர் சிரித்தால் சிரிக்கட்டும். காலாப்பட்டிலிருந்து வரலாற்றுப் பேராசிரியர் கிருஷ்ணசாமி வீடு தேடி வந்தார். லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "அசல்தாங்க, சந்தேகமே வேணாம்" என்றார். நவம்பர் பதினொன்றாம் தேதி டவுனில் போர் நினைவுக் கண்காட்சி வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தொப்பி, பக்கத்தில் அட்டை: 'கண்டெடுத்தவர்: கொளஞ்சி, லேத்துத் தொழிலாளி.'

நம் பட்டன்களைக் காட்சிக்கு வைத்தபோதெல்லாம் அட்டையில் உன் பெயர்தான் இருந்தது. உனக்குப் பிரெஞ்சு பேச வரும், நான் வண்டி ஓட்டி வந்தவன். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்டதில்லை.

கொளஞ்சி

*

மேட்டுப்பாளையம்
19 நவம்பர் 2023

அருள்,

இதைப் படிக்கும்போது மெரின் பக்கத்தில் இருக்கட்டும்.

கண்காட்சிக்கு உன் தங்கை வேளாங்கண்ணி கதிர்காமத்திலிருந்து வந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றது. பிறகு என்னிடம், "அண்ணே, எங்க சவேரி தாத்தாவும் இது மாதிரிதான போட்டுனு இருந்திருப்பாரு? பாவம், எந்த மண்ணுல கெடக்கறாரோ. ஒரு தபா தொட்டுக்கட்டுமா?" என்றது. பெட்டியைத் திறந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் தடவிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது. நான் வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

தோலில் எழுத்து இருந்தது. பிரெஞ்சு எழுத்தில் சவேரிநாதன், அதற்குக் கீழே 4187. சின்னக்கண்ணு கடையிலேயே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். முதலில் உனக்கு அனுப்பத்தான் போனை எடுத்தேன், படமும் எடுத்தேன். அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் என் கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு பொருள், அதுவும் உன் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டா வர வேண்டும்? இதைச் சொன்னால் நாளைக்கே இது உன் கதை ஆகிவிடும். நான் மறுபடியும் வண்டி ஓட்டி வந்தவன்.

சொல்லாமல் இருந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போலி என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று பிளேடை எடுத்துச் சுரண்டிவிட்டேன். நூறு வருஷத்துக்கு மேல் கிடந்த மை, ஐந்து நிமிஷத்தில் தூளாகிப் போனது. ஊதிவிட்டேன்.

அந்த ஓட்டையைப் போட்டவனுக்கு உன் தாத்தா யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அழிப்பதற்கு முன் எடுத்த படம் போனிலேயே இருந்தது. கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எண் தெளிவாகத் தெரிகிறது. காப்பகத்துக்குப் போ.

மேனகாவிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கொளஞ்சி

*

ரேன்ஸ்
7 ஜனவரி 2024

திரு. கொளஞ்சி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. எண்ணைக் கொடுத்ததும் காப்பகத்தில் கால் மணி நேரத்தில் ஏட்டை எடுத்துக் கொடுத்தார்கள். 1917 ஏப்ரலில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுச் சரிவில் அவர் காணாமல் போயிருக்கிறார். வயது இருபத்திரண்டு. உடல் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. தொப்பியை எடுத்து ஊருக்குக் கொண்டுபோன கூட்டாளி யாரென்று தெரியவில்லை.

மெரின் காரில் கூட்டிப்போனாள். மழை. சரிவு முழுக்க உழுது போட்ட நிலம். ஓரத்தில் நின்று பெயரையும் எண்ணையும் சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெரின் கேட்டதாகச் சொன்னாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நான்கு படங்களை நான் யாரிடமும் காட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அசல் என்பது முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போர்க்களத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கிடைக்காதது, தவளக்குப்பத்தில் உங்களுக்குக் கிடைத்ததைப் பொறுக்க முடியவில்லை. அதற்காக, நான் சொன்ன பொய்யும் நீங்கள் எடுத்த பிளேடும் ஒன்றாகிவிடாது.

தொப்பியை வாங்கிக்கொள்ள வேளாங்கண்ணி வருவாள். மை தானாக மங்கிவிட்டது என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். அவளுக்கு உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, இருக்கட்டும். அட்டையில் உங்கள் பெயரும் இருக்கட்டும், கண்டெடுத்தவர் நீங்கள்தான்.

இனி எனக்கு எழுத வேண்டாம். பதில் வராது.

கிருஷ்ணசாமி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு ஆற்றங்கரைக்கு வருகிறார் என்று வேளாங்கண்ணி எழுதியிருந்தாள். நல்லது. படித்தவர். ஆனால் மீன்வலையில் கட்டுகிற ஈயத்துக்கும் துப்பாக்கி ஈயத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியுமா? அவர் எதையாவது எடுத்து நீட்டினால் சும்மா தலையாட்டிவிடாதே, கொளஞ்சி. உன் கையில் வாங்கிப் பார்.

அருள்பிரகாஷ்