அப்பாவின் ஆள்காட்டி விரல்

மார்ச் 4

அப்பாவுக்கு இன்றும் நினைவு திரும்பவில்லை. நானும் அண்ணனும் ஒத்துக்கொண்டால் மூச்சு மெஷினை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அண்ணன் உடனே தலையாட்டினான். பழைய சோபாவைத் தூக்கிப் போடவே ஒரு மாதம் யோசித்தவன்!

"அப்பா லாக் அவுட் ஆயிட்டாரு. உடம்பு மட்டும் ஸ்கிரீன்ல நிக்குது" என்கிறான். கம்ப்யூட்டர் கேம் எழுதிப் பிழைக்கிறவன். இந்த உலகமே யாரோ ஓட்டும் கேம், நடப்பதெல்லாம் முதல் நொடியிலேயே முடிவானது என்பது அவன் வேதம். "நீ கோபப்படறதுகூட ஏற்கெனவே எழுதினதுதான்" என்றான்.

ஃபிளாஸ்க் மூடியை அவன் மேல் எறிந்தேன். "இதுவும் எழுதியிருக்கும், வாங்கிக்கோ."

நெற்றியில் பட்டது. திருப்தி.

மார்ச் 5

அவன் மூஞ்சியில் முழிக்கவில்லை. நல்ல நாள்.

மார்ச் 7

நான் வேலை பார்க்கும் காது கிளினிக்கிலிருந்து, கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவியைக் கொண்டுபோய் அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டினேன். "அப்பா, சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க." ஒலிப் பொத்தானை அழுத்தினேன். ஆள்காட்டி விரல் அசைந்தது. சத்தியமாக! மறுபடி அழுத்தினேன், மறுபடி அசைந்தது.

அண்ணனிடம் சொன்னால் "தற்செயல்" என்கிறான். எல்லாம் முன்பே முடிவானது என்றவனுக்கு இப்போது மட்டும் தற்செயல் எங்கிருந்து முளைத்தது? வெட்கங்கெட்டவன்.

மார்ச் 8

கிளினிக்கில் நடுநடுவே ஒலியே போடாமலும் பார்ப்போம். அப்போதும் விரல் தூக்கினால், கேட்டுத் தூக்கவில்லை என்று அர்த்தம். அப்பாவிடம் மட்டும் நான் அதைச் செய்யவில்லை. ஏன்? — தெரியாத மாதிரி உன்னையே நீ கேக்கறியே. பயம்டி உனக்கு.

மார்ச் 9

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒலி ஹெட்போனுக்குள்தான், வெளியே கேட்காது. பொத்தான் மேல் விரலை வைத்தேன். அழுத்தவில்லை.

அப்பாவின் விரல் அசைந்தது.

"அசையுது! ஏய், அப்பாவுக்குக் கேக்குது!" என்று அண்ணன் கத்தினான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்பா, நான்தான்" என்று விம்மினான். பிறகு டாக்டரிடம் ஓடி, மெஷினைத் தொடக் கூடாது என்று சண்டை போட்டான்.

பொத்தானை அழுத்தவே இல்லை என்பதை அவனிடம் சொல்லாமல் கருவியைப் பையில் போட்டு மூடினேன்.

மார்ச் 13

அண்ணன் லீவு போட்டுவிட்டு அப்பாவிடம் நாள் முழுக்கப் பேசுகிறான். "நீ இல்லேன்னா நானே அவரைக் கொன்னிருப்பேன்" என்று என் கையைப் பிடித்தான். உதறிவிட்டேன். அவன் சந்தோஷத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அறையில் அப்பா இல்லை என்று நினைப்பவள் இப்போது நான் ஒருத்திதான்.