பத்மாசனி அக்கா சொல்லியனுப்பியது

மல்லாவி
06.07.2025

அன்பு மருமகள் நஃப்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ தாதியாகிப் பெயர் எடுப்பாய், ஒருநாள் கோபத்தால் அதைக் கெடுப்பாய், பிறகு மாமாவால்தான் அது சரிவரும் என்று நீ பிறந்த அன்றே உன் உம்மாவிடம் சொன்னவன் நான். அவ மறந்திருப்பா. நீ ஃபோனை எடுக்கிறாயில்லை. அதனால் இதை வவுனியா பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் ஒரு நன்மை, நீ என் கதையை இடையில் வெட்ட முடியாது.

இங்கே உன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டொக்டர் சுதாகரன் ஒரு கூட்டம் வைக்கிறார். விசாரணை இல்லை. நோயாளியும் தாதியும் வட்டமாகக் கதிரை போட்டு இருந்து, நடந்ததையும் மனம் நொந்ததையும் முகம் பார்த்துக் கதைப்பது. இந்த யோசனையை அவருக்குக் கொடுத்ததே நான்தான். பிரஷர் பார்க்கும்போது சொன்னேன். அவருடைய காதில் குழாய் இருந்தது, ஆனாலும் விளங்கியிருக்கும்.

உன்னிடம் ஏச்சு வாங்கிய பத்மாசனி அக்காவைப் பார்க்க ஜெயபுரத்துக்கும் போனேன். வழியில் யானை மறித்தது. ஒன்றில்லை, ஏழு. அதை விடு. அக்கா இப்போது தடி ஊன்றி நடக்கிறா. உன் பேரை எடுத்ததும் அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பிள்ளையின்ர கைதான் மெத்தெண்ட கை. இனி மருந்து கட்டுறதெண்டால் அவளிட்டைத்தான் கட்டுவன் எண்டு சொல்லுங்கோ."

இதற்குப் பிறகும் வராமல் இருப்பாயா?

உன் மாமா
றவூப்

வவுனியா
10.07.2025

அன்புள்ள மாமாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

யானைகளை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் வந்தபின் அவ சிரித்தது இதுதான் முதல் தடவை.

மாமா, அன்று நீங்களும் கிளினிக் வரிசையில் இருந்தீர்கள். அக்கா பிந்தி வந்தா. நான் எல்லோருக்கும் கேட்க, "இந்த நாத்தப் புண்ணோடை இவ்வளவு பிந்தி வந்தால் நான் என்ன செய்யிறது? அடுத்த கிழமை வாங்கோ" என்றேன். அதன்பிறகு அவ அந்தப் பக்கமே வரவில்லை. சீனி வருத்தக்காரரின் காற்புண்ணைப் பார்க்காமல் விட்டால் என்னவாகும் என்று படித்தவள் நான். அவவின் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று லீவு போட்டு வந்தேன். வேலையை விட்டுவிடுவோமென்று இருக்கிறேன்.

அவவின் முன்னால் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. என் கைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காக வருகிறேன்.

அது அவ சொன்னதுதானே மாமா?

நஃப்லா

மல்லாவி
12.07.2025

மகள்,

மாமா எப்போதாவது பொய் சொன்னதுண்டா? யானைக் கணக்கை விடு. வா. கூட்டத்தை நான்தான் நடத்துவேன், பயப்படாதே.

றவூப்

தாதியர் விடுதி
23.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களை வெளி விறாந்தையில் இருத்திவிட்டோம் என்று கோபிக்க வேண்டாம். கிளினிக் வரிசைக்குக் கொடுக்கும் நம்பர்த் தகடு ஒன்று வட்டத்தில் கைமாறிப் போகும், அதை வைத்திருப்பவர் மட்டுமே கதைக்கலாம். உங்கள் கைக்கு வந்தால் மஃரிப் தொழுகை வரைக்கும் திரும்பி வராது என்று டொக்டருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான்தான் சொன்னேன்.

அக்கா தகட்டை வாங்கினா. பிறகு, "பஸ் பிந்திப்போச்சு. இறங்கின இடத்திலயிருந்து ஓடி வந்தனான் பிள்ளை. அந்தக் காலோடை ஓடினனான். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய்" என்றா.

அன்று கிளினிக்கில் நான் தனியாளாக நின்றேன் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லவில்லை. பிழை என்னுடையது என்றேன். உங்கள் மனம் ஆற என்ன செய்யலாம் என்று டொக்டர் அவவைக் கேட்டார். "ஏசினது சனத்துக்கு முன்னால. மன்னிப்பு மட்டும் அறைக்குள்ளயோ?" என்று கேட்டா.

நேற்று கிளினிக் வரிசைக்கு முன்னால் நின்று சொன்னேன், மாமா. ஒரு ஐயா எழும்பி அக்காவுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார். தூர பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இனி நம்பர் ஒதுக்கி வைக்கிறோம். அதுவும் அக்கா கேட்டதுதான். நான் வேலையை விடவில்லை.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. வட்டத்தில் நான் அவவிடம், "என்ர கைதான் மெத்தெண்ட கை எண்டு மாமாட்டைச் சொல்லி விட்டனீங்களாம், அதாலதான் வந்தனான்" என்றேன். அவ என்னையே பார்த்தா. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தகட்டை என் மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் காலை நீட்டினா. அங்கேயே கட்டை அவிழ்த்துப் பார்த்தேன்.

அவ ஏன் அப்படிப் பார்த்தா, மாமா?

நஃப்லா

மல்லாவி
27.07.2025

அன்பு மகளுக்கு,

விறாந்தையில் இருந்தபடியே கூட்டத்தை நடத்தியவன் நான். ஜன்னலோரம் நான் இருமின இருமலில்தான் உனக்குச் சரியான இடத்தில் சரியான பேச்சு வந்தது. கொழும்பு வரைக்கும் இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் கதையாம். சந்தையில் சொல்கிறார்கள். சொல்கிறவன் நான்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

அக்கா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, மகள். உன் பேரை எடுத்ததும், "அவளின்ர முகத்திலயும் முழிக்கமாட்டன், நீங்கள் போங்கோ" என்று கதவைச் சாத்தினா. பிறகு டொக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, உனக்கு நேரிலே நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தவ. மெத்தென்ற கை என்பது நான் சைக்கிளில் திரும்பி வரும்போது கட்டினது. உன்னிடம் நான் ஒருநாளும் மருந்து கட்டினதில்லை.

அந்தச் சொல் தன்னுடையதில்லை என்று அவவுக்குத் தெரியும். "நான் எப்ப சொன்னனான்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த வட்டத்துக்குள் உன் முகமும் விறாந்தையில் என் முகமும் எங்கே போயிருக்கும்? அவ கேட்கவில்லை. காலை நீட்டியிருக்கிறா.

ஏன் என்று உனக்கு எழுதக் காலையிலிருந்து இருந்து பார்க்கிறேன். ஒரு கதையும் கட்ட வரவில்லை.

உன் மாமா
றவூப்