அளந்து வைத்த உப்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தது. இன்றைக்கும் கோணல்தான். அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு இதற்கு மேல் வராது. இந்தப் பக்கத்தையாவது கிழிக்காமல் இருக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டையிலிருந்து மகள் லோகு போன் செய்தாள். நாலு மாசம் முடிந்தது, வாந்தி நின்றுவிட்டதாம். மாங்காய் வேண்டும் என்றாளாம், மாப்பிள்ளை கதிர்வேல் இந்த மாசத்திலும் எங்கோ தேடி ரெண்டு வாங்கி வந்தாராம். நல்ல பிள்ளை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் பேத்தியா பேரனா என்று ஊரெல்லாம் கேட்டிருப்பார்.

ஏழாம் மாசம் கட்டுச்சோறு கொண்டுபோய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, அவளைப் பேறுகாலத்துக்கு இங்கே கூட்டி வர வேண்டும். ஒன்பது வகைச் சோறு. ஒன்றிலும் குறை வரக் கூடாது.

நவம்பர் 23

என் வேலை பனியன் கம்பெனியில் செக்கிங். தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், கறை – கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினோரு வருஷமாக ஒட்டுகிறேன். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று பேர். அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடிவதில்லை, அதுதான் கஷ்டம்.

பக்கத்தில் நிற்கும் பங்காரம்மாவிடம், இனி ஞாயிறு ஞாயிறு மூணு வகைச் சோறு செய்து பழகப் போகிறேன் என்றேன். சிரித்தாள்.

"ஏம்புள்ள சென்னி, சோத்துக்குமா ஸ்டிக்கர் ஒட்டுவே?"

டிசம்பர் 8

புளிச்சோறு குழைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். மாடு நல்லாத் தின்றது.

டிசம்பர் 15

லோகு கூப்பிட்டாள். "அம்மா, நான் பேறுகாலத்துக்கு இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

"ஏங் கண்ணு?"

மாத்திரை, ஸ்கேன் என்று வேறு என்னென்னவோ பேசினாள். அப்புறம் சொன்னாள். "அங்க ஒரு டம்ளரை எங்க வெச்சாலும் தப்புங்கம்மா. நாளைக்குப் புள்ளையத் தூக்கறதும் தப்பாத்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்குது."

என் வயித்துல பொறந்தவளுக்கு என்னையக் கண்டா பயம். என்னத்தைச் செஞ்சுபோட்டேன் நானு? நாலு பேரு பாத்துக் குத்தம் சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னேன்? நல்லதுக்குத்தானே –

டிசம்பர் 16

யாரிடமும் சொல்லாததை எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் செப்டம்பர். அவர் சோத்துப் பையோடு வாசல் தாண்டிவிட்டார். நான் கூப்பிட்டு நிறுத்தினேன். "காலர் அழுக்குங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? மாத்திட்டுப் போங்க." "செரி அம்மணி" என்று உள்ளே வந்து வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எங்கே இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அழுக்குக் காலரைப் பற்றி.

பார்க்கிறவர்கள், பார்க்கிறவர்கள் என்கிறேனே, அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள் யார்? மடியில் தாங்கிக்கொண்ட பூக்காரம்மாவும், காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஆட்டோக்காரரும்தான். அவங்க ரெண்டு பேரும் காலரைப் பாக்கலை.

டிசம்பர் 17

டீ நேரத்தில் பங்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அய்யோ பாவம் என்று ஆரம்பிக்கவில்லை. வடையைப் பிட்டு என் கையில் பாதியை வைத்தாள். "இருவத்தேழு வருசம் நீ சொன்னதுக்கெல்லாம் செரி அம்மணின்னவரு அன்னிக்கும் அதையேதான் சொல்லிட்டுப் போயிருக்காரு. கோவிச்சுட்டுப் போவலியே? அதை மொதல்ல நெனைச்சுக்க."

இந்த மனுஷியை என் பக்கத்தில் நிற்க வைத்த சாமிக்கு ஒரு கும்பிடு.

ஜனவரி 5, 2025

லோகுவிடம் பேசினேன். "இனிமே சொல்லவே மாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ண முடியாது கண்ணு. வாயில வந்துரும். வந்தா, 'அம்மா, போதும்'னு சொல்லு. நிறுத்திக்கறேன்."

"யோசிக்கறேங்கம்மா. கட்டுச்சோறு கொண்டாங்க. அன்னிக்குச் சொல்றேன்."

ஆக, சோறு போகும். மகள் என்னோடு வருவாளா தெரியாது.

பிப்ரவரி 2

தாலியில்லாதவள் சோத்துப் பாத்திரத்தோடு முன்னால் போய் நின்றால் நாலு பேர் பேசுவார்கள். தம்பி குடும்பத்தை அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அது எப்படியோ சம்பந்தி சுப்பாத்தாள் காதுக்குப் போய்விட்டது. போனிலேயே சத்தம்.

"ஏனுங்க, பெத்தவங்க வராம வெறுஞ்சோறு மட்டும் வந்துச்சுன்னா, வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிப்போடுவேனுங்க!"

மிரட்டலா அன்பா என்று தெரியவில்லை. ஆனால் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கை வலிக்கிறது, இருந்தாலும் எழுத வேண்டும்.

எதுவும் தப்பக் கூடாது என்று இனிப்புப் பொங்கலைத் தவிர எட்டுச் சோற்றுக்கும் எட்டுக் கிண்ணத்தில் உப்பை அளந்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன்னால் ருசி பார்க்க மாட்டோம். சாமிக்கும் அவர் படத்துக்கும் வைத்து நிமிர்வதற்குள் வேன் வந்துவிட்டது. நாக்கில் ஒரு பருக்கை வைக்காமலே கிளம்பினேன்.

அங்கே நாற்பது பேர். லோகுவுக்குத்தான் முதல் இலை. எலுமிச்சைச் சோற்றை வாயில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். அப்போதே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பந்தி நடுவிலிருந்து சம்பந்தி சுப்பாத்தாள் கேட்டார், "ஏனுங்க சம்பந்தி, எலுமிச்சைச் சோத்துல உப்பு போடலீங்களா?"

நாற்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அரிசி சரியில்லை, அவசரம், வேன் சீக்கிரம் வந்துவிட்டது – நாக்கு நுனியில் பத்துக் காரணம்.

"மறந்துபோட்டேனுங்க" என்றேன்.

சம்பந்தி இலையை விட்டே எழுந்துவிட்டார். எச்சில் கையோடு என் பக்கத்தில் வந்து நின்று சிரிக்கிறார், கண்ணில் தண்ணி வருகிற மாதிரி. "அப்பாடா! உங்க கையிலயும் தப்பு வருமுங்களா! உங்க ஊட்டுக்கு வர்றதுன்னா எனக்கு மொத நாளே நடுக்கமுங்க. டம்ளரக் கீழ வெச்சா ஈர வட்டம் உழுந்துருமோன்னு தண்ணி முழுசையும் மடக்குமடக்குன்னு குடிச்சுப்போட்டு கையிலயே வெச்சுக்குவேன்."

"ஆத்தா, அன்னிக்கு அதனாலதான் உடுமலைப்பேட்டை வரைக்கும் பஸ்ஸுல நெளிஞ்சீங்களா?" என்றார் மாப்பிள்ளை. பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். யார் யார் என்ன நினைப்பார்களோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து ஒருத்தி நடுங்கியிருக்கிறாள். இது இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை.

ஒரு தட்டில் உப்பு வந்தது. ஆளுக்கொரு சிட்டிகை போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். எலுமிச்சைச் சோறுதான் முதலில் காலியானது.

சாப்பிட்டு முடித்ததும் லோகு என் முந்தானையில் கை துடைத்தாள், சின்னப் பிள்ளையில் துடைப்பதுபோல. "மறந்துட்டேன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லீங்கம்மா." அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "என்ற பைய எடுத்து வண்டியில வெய்யுங்க" என்றாள்.

இப்போது உள் அறையில் தூங்குகிறாள்.

பிப்ரவரி 10

சமையல் மேடையில் எட்டாவது கிண்ணம் உப்போடு அப்படியே இருந்தது. இன்றைய ரசத்துக்குப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 16

"அம்மா, போதும்" – காலையிலிருந்து நாலு தடவை. போன வாரம் ஒரே நாளில் ஒன்பது. நிறுத்திக்கொள்கிறேன், அவளும் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 24

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. ரெண்டு உயிரும் நல்லா இருக்குது. நீங்க இருந்து பாத்திருக்கோணும். வேற என்ன எழுதறதுன்னு தெரியலீங்க.

மே 4, ஞாயிறு

பாப்பாவைப் பார்க்க பங்காரம்மா வந்தாள். நாற்காலியில் துணி மலைபோலக் கிடந்தது. ஓரமாகத் தள்ளி உட்காரச் சொன்னேன். என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்கார்ந்து ஒரு பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் லோகு முதல் தடவையாகத் தானே பிள்ளையைத் துணியில் சுற்றினாள். அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள், மறுபடி அவிழ்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒழுங்காவே வரமாட்டீங்குதுங்கம்மா. நீங்களே சுத்திக் குடுங்க."

"நல்லாத்தான் கண்ணு சுத்தியிருக்கறே. அப்படியே மடியில போட்டுக்க."

ஒரு பக்கம் தொளதொள என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கால் வெளியே வந்துவிட்டது. சித்திரை வெயில், குளிரப் போவதில்லை. ரெண்டு பேரும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.