தண்ணீருக்கு விலை வைத்த மகனுக்கு

வலாத்தாவில் இருக்கும் மகன் ஜெல்லூலுக்கு, தாஸரஹ்லா ஊற்றடியிலிருந்து வாப்பா எழுதுவது. இறைவன் அருளால் நானும் என்னோடு வரும் ஒட்டகக் கூட்டத்தாரும் இதுவரை நலம். உன் நலத்தை விசாரிக்க இந்தத் தடவை மனம் வரவில்லை.

நம் ஊர் சிஜில்மாசாவில் உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, உன் தங்கை தாவ்ஸாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, அண்டை வீட்டார்கூட வாழ்த்த வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். போன பருவத்தில் உப்பு வியாபாரி ஹம்மு இதே ஊற்றடியில் உட்கார்ந்து தண்ணீர்த் தோல்பைகளைத் தைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் தனியே வலாத்தாவுக்குப் போகும் முன்னோடியிடம் உனக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். இங்கிருந்து வலாத்தா வரை நடுவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, கடிதம் கிடைத்தவர்கள் தண்ணீரோடு எதிரே வருவார்கள் என்று நம்பித்தான் எல்லோரும் இந்த மணலில் கால் வைக்கிறார்கள். நீயும் எதிரே போனாய். போய், தண்ணீர்ப் பையின் வாயைக் கையால் இறுக்கிக்கொண்டு, தகாஸா சுரங்கத்தில் ஏற்றிய உப்புப் பாளங்களைப் பாதி விலைக்குத் தந்தால்தான் அவிழ்ப்பேன் என்றாயாம். அவருடைய ஆட்கள் நாக்கு வீங்கிக் கிடந்தார்கள், அவர் தலையாட்டினார். பேரத்தில் கெட்டிக்காரன் என்று உன்னை நீயே மெச்சிக்கொண்டிருப்பாய். நம் ஊர்க் கடைத்தெருவில் ஹம்முவின் மனைவி உம்மாவைப் பார்த்து, "என்னம்மா, உங்க மகன் இப்ப தண்ணி வியாபாரமாமே, எங்க வீட்டுக் கிணத்தையும் வந்து விலை பேசச் சொல்லுங்களேன்" என்றாளாம். உம்மா வாங்கிய பேரீச்சம்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

என் பள்ளியில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்கு மை கொடுக்க அத்திப்பழம் கேட்டான். நான் அடிக்கவில்லை. எல்லோருடைய எழுதுபலகையையும் அவனைக் கழுவ வைத்தேன், அதற்குப் பிறகு கேட்காமலே மையை நீட்டினான். ஆனால் அவன் பால்பல் விழாத பிள்ளை. உனக்குத் தாடி நரைக்கிறது, உன்னை எந்தப் பலகையைக் கழுவ வைப்பது?

இந்தத் தடவை வியாபாரிகள் எல்லோரும் வலாத்தாவில் தெரிந்தவர்களுக்கு எழுதியிருக்கிறார்கள், உனக்கு ஒருவரும் எழுதவில்லை. ஹம்மு ஒரு பழைய நண்பரை நம்பி வருகிறார், அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி உம்மா என்னை அனுப்பியபோது, தன் கூட்டத்தில் எனக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். முன்னோடி அமஸ்தான், "வாத்தியாரே, அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், மிதிச்சா என் ஒட்டகமே மூஞ்சியைத் திருப்பிக்கும்" என்றான். கெஞ்சித்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் முதல் பை ஹம்முவின் ஒட்டகக்காரர்களுக்கு, அடுத்தது ஹம்முவுக்கு. உன் கையாலேயே ஊற்ற வேண்டும், விலைப் பேச்சு கூடாது. வாப்பா என்று முதலில் என்னிடம் ஓடி வந்தால் நான் உன் தண்ணீருக்கு வாய் திறக்க மாட்டேன். சொன்னதைச் செய்வேன் என்று என்னிடம் படித்த உனக்குத் தெரியும்.

இறைவன் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும், உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். கிளம்புமுன் தோல்பைகளின் தையல் கசிகிறதா என்று பார்த்துவிடு.

இப்படிக்கு,
ஹம்முவின் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும்
உன் வாப்பா யஹ்லிஃப்