என் பத்து நாள் லீவு

ஏப்ரல் 25, வெள்ளி

இரண்டு வருடமாக என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை கவின் இன்றோடு நின்றுவிட்டான். அவன் அம்மா திவ்யா பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறாள். மே மாதம் நான் வெள்ளிமலையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும் பத்து நாளுக்கும் சம்பளம் உண்டு என்று கவினைச் சேர்க்கும்போதே பேசியிருந்தோம். மே வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பத்து நாள் சம்பளத்தைக் கேட்டேன்.

"கொழந்தயே வராதப்ப லீவு சம்பளம் எப்டிக்கா? நீங்க வூட்லதான இருக்கீங்க?" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"வருசம் பூரா பாத்துக்கினு இருந்ததுக்குத்தாம்மா அந்த லீவு," என்றேன். சிரித்தாள்.

கவினின் தட்டையும் பாயையும் பையில் வைத்துக்கொண்டே, "நான் எடுக்காத லீவுக்கெல்லாம் பேங்க்ல காசு குட்த்துட்டாங்கக்கா. அதுலதான் சாமான் ஏத்த வண்டி புடிச்சோம்," என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கி அவள் தோளில் போட்டேன்.

நான் பார்த்துக்கொள்ளும் மற்ற இரண்டு குழந்தைகளின் அம்மாக்களிடமும் நாளை காலையே சொல்லிவிடுவேன். இனி மாதம் ஒரு நாள் லீவு, அந்தந்த மாதமே எடுப்பேன். மே மாதத்துக்கென்று சேர்த்துவைக்கிற வேலையே கிடையாது.

இந்த மாதத்து லீவு நாள் வரும் திங்கட்கிழமை. கதவைத் திறக்க மாட்டேன்.